விவாத இழை: ஒரு நாட்டை அந்த நாட்டார் சொல்வது போலத்தான் அழைக்க வேண்டுமா?

கேள்வி, கடலூர் வாசகர் ஒருவர், ஜூன் 2

துருக்கி தன் பெயரை இனி 'துர்க்கியே' என்றே உலகம் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டது. நாம் மட்டும் இன்னும் ஜெர்மனி, எகிப்து, கிரீஸ், ஹங்கேரி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இவற்றில் ஒன்றுகூட அந்த நாட்டார் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர் இல்லை. ஒரு நாட்டை அதன் மக்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே எல்லோரும் அழைப்பதுதான் முறை. இதில் மாற்றுக்கருத்து இருக்க முடியுமா?

ஜூன் 2, இரவு

முடியும். எனக்கே இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி, பு.முட்லூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் அந்தத் துறைக்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். ஆங்கிலேயரும் அதையே எழுதினார்கள். நம்மவர் வாயில் அது ஏறவில்லை. பரங்கிகள் இருக்கும் பேட்டை என்றார்கள், அதுதான் நிலைத்தது.

யார் இந்தப் பரங்கி? ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த பிராங்க் என்ற ஜெர்மானியக் குடி. அவர்கள் மேற்கே போய் ஆண்ட நிலத்துக்குத்தான் பிரான்ஸ் என்ற பெயர் வந்தது. சிலுவைப்போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் அத்தனை பேரையும், அவர் எந்த ஊராராக இருந்தாலும், அந்த ஒரு குடியின் பெயராலேயே அழைத்தார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆயிற்று. வணிகரோடு இந்தியக் கடற்கரைக்கும் வந்தது. போர்த்துகீசியர் வந்து இறங்கியதும் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

விளைவு என்ன? பிரெஞ்சுக்காரரின் மூதாதையர் பெயர் போர்த்துகீசியருக்குப் போய்விட்டது. 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநிறுத்தினார். நிஜமான பிராங்க் நாட்டார் வந்து சேர்ந்துவிட்டார்கள்; ஆனால் பரங்கி என்பது அதற்குள் வெள்ளையர் எல்லோருக்கும் பொதுப்பெயர். எனவே ஒரே வேரிலிருந்து இரண்டாவது சொல் பிறந்தது: பிரெஞ்சுக்காரர். அந்தப் பிரெஞ்சுக்காரரோ, தங்களுக்குக் கிழக்கே இருக்கும் ஜெர்மானியரை, எல்லையோரத்தில் இருந்த அலமான்னி என்ற குடியின் பெயரால் அல்மான் என்கிறார்கள்.

அயலார் ஒரு நாட்டுக்கு வைக்கும் பெயர் பெரும்பாலும் அவர்கள் முதலில் எதிர்கொண்ட ஓரத்தின் பெயர். ஓர் ஆறு, ஒரு துறை, எல்லையில் இருந்த ஒரு குடி. பிறகு அது உள்நாடு முழுக்கப் பரவிவிடுகிறது. நம் கதையும் அதுவே. சிந்து ஆறு பாரசீகர் வாயில் ஹிந்து ஆனது, கிரேக்கர் வாயில் இந்தோஸ் ஆனது, அதிலிருந்து இந்தியா வந்தது. அந்த ஆற்றின் பெரும்பகுதி இன்று ஓடுவது பாகிஸ்தானில். அயலார் வைத்த பெயரெல்லாம் தள்ளுபடி என்றால் முதலில் தள்ள வேண்டியது இந்தியா என்ற பெயரைத்தான். யார் யாரை எந்தக் கரையில் சந்தித்தார்கள் என்ற பதிவு இந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனமில்லை.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியதற்கு இன்னொரு சான்று, இதுவும் நம் வீட்டு வாசலிலேயே.

சங்கப் பாடல்கள் கிரேக்க, ரோமானிய வணிகரை யவனர் என்கின்றன. யவனம் என்பது அயோனியா. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்க மொழி பேசியவர்கள் வாழ்ந்த ஒரு சிறு பகுதி. பாரசீகர் கிழக்கிலிருந்து வந்தபோது முதலில் கண்ட கிரேக்கர் இவர்கள்தான். அதனால் கிரேக்கர் முழுவதும் யவனர் ஆனார்கள். இத்தாலியக் கரையில் இருந்த ரோமானியர் முதலில் கண்டது கிராய்க்கி என்ற வேறொரு கூட்டம். அதனால் மேற்குலகுக்கு அவர்கள் கிரீக். கிழக்கே ஒரு பெயர், மேற்கே ஒரு பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதோ ஹெல்லேனியர்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்தவற்றில், காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவியது இத்தாலியின் அரெட்சோ நகரில் செய்த சிவப்பு மட்பாண்டங்கள். அந்தச் சரக்கை ஏற்றிவந்த கப்பலில் அயோனியாவைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கரையில் நின்ற தமிழனுக்கு எல்லோரும் யவனர்.

அவர்கள் நம்மை என்ன சொன்னார்கள்? கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு ஒன்று இந்தக் கரையில் பொதுகே என்ற துறையைக் குறிக்கிறது. அது அரிக்கமேட்டைச் சுட்டுவதாகவே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாம் அவர்களை ஓர் ஓரத்தின் பெயரால் அழைத்தோம். அவர்கள் நம்மை ஒரு துறையின் பெயரால் குறித்துவைத்தார்கள்.

ஜூன் 3, மாலை

"அப்படியானால் துருக்கி கேட்டது தவறா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. 2022-ல் ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றது. ஆங்கிலத்தில் அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். ஆங்கிலத்தில் அந்நாட்டின் பெயரும் வான்கோழியின் பெயரும் ஒன்று. தோற்றவனையும் மூடனையும் குறிக்கும் வசைச்சொல்லும் அதுவே. எந்த நாட்டார்தான் பொறுப்பார்கள்?

தமிழில் துருக்கிக்கும் வான்கோழிக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் இருந்த காயத்துக்குத் தமிழில் கட்டுப்போட வேண்டியதில்லை. துருக்கி, துருக்கியர். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

வான்கோழி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஆங்கிலேயர் அதைத் துருக்கிக் கோழி என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதை 'தேந்து' என்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தது என்று பொருள். போர்த்துகீசியருக்கு அது பெரு. துருக்கியர் அதை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஹிந்தி. இந்தியப் பறவை! பாவம், அந்தக் கோழிக்குக் குடியுரிமை தர ஒருவரும் தயாராக இல்லை.

ஜூன் 5

காரைக்கால் அண்ணன் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரம்: 'தன்பெயர்தான் உண்மைப்பெயர், மற்றதெல்லாம் பழக்கம்.'

அண்ணன் கொரியாவுக்கு என்ன சொல்வார்? கொரியா என்பது 918 முதல் 1392 வரை ஆண்ட கொர்யோ அரசின் பெயரிலிருந்து வந்தது. தெற்கில் இருப்பவர்கள் இன்று தங்கள் நாட்டை ஹங்குக் என்கிறார்கள். வடக்கில் இருப்பவர்கள் சோசொன் என்கிறார்கள். தெற்கு வடக்கை 'வட ஹான்' என்ற பொருளில் குறிக்கிறது. வடக்கு தெற்கைத் 'தென் சோசொன்' என்கிறது. ஒருவர் பெயரை மற்றவர் ஏற்பதில்லை. தன்பெயரால்தான் அழைக்க வேண்டும் என்றால், எந்தத் 'தன்'? அந்தச் சண்டைக்குள் போகாமல் இரு நாட்டையும் ஒரே சொல்லால் குறிக்க உலகத்துக்கு உதவுவது, இருவருமே தங்கள் மொழியில் அன்றாடம் சொல்லாத கொரியா என்ற பெயர்தான். அயற்பெயருக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு டாய்ச்லாந்து. பிரெஞ்சில் அல்மாஞ். பின்லாந்துக்காரருக்கு, சாக்சன் குடியை ஒட்டி, சாக்சா. போலந்துக்காரருக்கு நியெம்ட்சி, ஊமை என்ற வேரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொல் அது, நம் மொழி பேசத் தெரியாதவன் என்ற பொருளில். இத்தனைக்கும் ஜெர்மனி யாரிடமும் போய் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் நாமாகத் திருத்துவது மரியாதை ஆகாது.

கேட்டவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவார் 1985-ல் தன் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானியத்தில் ஒன்று என்று ஆளுக்கொரு பெயரால் அழைத்தால், நாடுகளை அகரவரிசையில் உட்காரவைக்கும் உலக சபைகளில் அவர்களுக்கு நிலையான நாற்காலி எங்கே? இத்தனைக்கும் கோட் டிவார் என்பதே பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். தந்தம் வாங்கப் போன கரைக்கு, வாங்கிய சரக்கின் பெயர். அதைத்தான் அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டு, அப்படியே சொல்லுங்கள் என்கிறார்கள். பெயர் எங்கே பிறந்தது என்பதைவிட, அதை யார் தன்னுடையது என்று ஏற்கிறார்கள் என்பதுதான் கனமான விஷயம்.

ஜூன் 8

இதுவரை நாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குடிமக்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் விண்ணப்பம் நிரப்பித் தருவதும் பிரெஞ்சுச் சான்றிதழ்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பதும் என் தொழில். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, ஓய்வூதியத் தாள், பாஸ்போர்ட் நகல். நாள் முழுதும் 'நாட்டினம்' என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். இருவரும் முதியவர்கள், முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். பூர்வீக வீட்டுப் பத்திரம் தொடர்பான வேலை. மேசை மேல் இரண்டு பாஸ்போர்ட். அண்ணனுடையதில் நாட்டினம் 'பிரான்சேஸ்'. பெண்பாற் சொல் அது. நாட்டினம் என்ற சொல் பிரெஞ்சில் பெண்பால் என்பதால் ஆணின் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் அச்சிடுவார்கள். பிறந்த இடம் பொந்திச்சேரி. தங்கையுடையதில் நாட்டினம் 'இண்டியன்', பிறந்த இடம் பாண்டிச்சேரி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

காரணம் எளியது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-ல். அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து, அந்த நாளில் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள். அண்ணன் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக வெளியே இருந்தார். தங்கை வீட்டோடு இருந்த சிறுமி, பெற்றோர் எழுதிக்கொடுக்கவில்லை.

அண்ணனை ஊரில் எப்படிச் சொல்வார்கள்? சொல்தா. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் நம் வாயில் இப்படி ஆகிவிட்டது. அவர் வீடு சொல்தா வீடு. பிள்ளைகள் சொல்தா பிள்ளைகள். பிரெஞ்சுக்காரர் என்றும் சொல்வார்கள், தமிழர் என்றும் சொல்வார்கள், ஒன்றுக்கொன்று இடிக்காது. பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இந்த ஊரிலேயே வரிசையில் நின்று வாக்களிக்கும் தமிழர்கள் அவர்கள்.

என் மேசையில் அந்த முதியவர் தங்கையின் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நான் எழுதிக்கொடுத்து பிரெஞ்சு ஆகவில்லை. இவளும் எழுதிக்கொடுத்து இந்தியா ஆகவில்லை. பிறகு யார் முடிவு செய்தது?" இருந்த இடம் முடிவு செய்தது என்றேன். தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 9

மேலே உள்ளதைப் படித்துவிட்டு லாஸ்பேட்டை ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: இனத்தின் பெயரையும் குடிமக்களின் பெயரையும் சட்டத்திலேயே பிரித்துவைத்த நாடு உண்டா?

உண்டு, அம்மா. வங்கதேசம். 2011-ல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அந்நாட்டு மக்கள் இனமாக வங்காளிகள், குடிமக்களாக வங்கதேசத்தவர். இதைப் படித்தபின் நம் செய்தித்தாள்கள் டாக்கா கிரிக்கெட் வீரரை 'வங்காளி' என்று எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். கொல்கத்தாவில் இருப்பவரும் வங்காளிதானே? சிட்டகாங் மலையில் வாழும் சக்மா குடியினரோ வங்கதேசக் குடிமக்கள், ஆனால் வங்காளிகள் அல்லர். குடிமகனைச் சொல்ல வேண்டிய இடத்தில் இனத்தைச் சொன்னால் யாரோ ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார்.

ஜூன் 14

ஐந்து நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அயலார் வைத்த பெயர்களில் வரலாறு இருக்கிறது, அழிக்க மனமில்லை என்று 2-ஆம் தேதி எழுதினேன். நாட்டின் பெயருக்கு அதை இன்றும் சொல்வேன். ஆனால் மனிதருக்கு வைத்த பெயருக்கு அந்த வாதம் போதாது. நம் மேல் என்னென்ன பெயர்கள் ஒட்டின என்று ஒரு சுற்று பார்த்தால் தெரியும்.

ஐரோப்பியர் முதலில் இறங்கியது மலபார்க் கரையில். எனவே நாமும் அவர்களுக்கு மலபார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் தலைப்பிலேயே நம் மொழிக்கு 'மலவார் தமுல்' என்று பெயர். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழை மலபார் மொழி என்றே எழுதினார். சோழமண்டலக் கரையில் உட்கார்ந்துகொண்டு! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தமிழரை மலபார் என்றே குறித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களோடு அந்தப் பெயரும் போனது. ரீயூனியன் தீவில் அவர்கள் வம்சத்தார் இன்றும் மல்பார். கோவில் கட்டி, தீமிதி நடத்தி, தங்களை மல்பார் என்றே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

மலாய் நாட்டில் நாம் கிளிங். கலிங்கத்திலிருந்து வந்த சொல். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா தெரு இருக்கிறது, சோழியர் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பெயர். கட்டடத்திலும் தெருப்பலகையிலும் இருக்கட்டும். ஆனால் மலேசியத் தமிழர் ஒருவரை நேரில் கிளிங் என்றால் அது வசை. முகம் சிவந்துவிடும், நியாயமாகவே.

இரண்டும் அயலார் வைத்தவை. இரண்டும் இட மாறாட்டத்தில் பிறந்தவை. மலபார் நம் கரை அல்ல, கலிங்கமும் நம் நாடு அல்ல. பிறப்பை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஒன்றைச் சுமந்தவர்கள் மடியில் எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றைச் சுமந்தவர்கள் கீழே போட்டார்கள். இதை எந்த அகராதியும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தப் பெயரைக் கூப்பிட்டவர்கள் எந்தக் குரலில் கூப்பிட்டார்கள், கூப்பிட்டபின் எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் முடிவாகிறது. ஆகவே மனிதர் விஷயத்தில் என் பதில்: அவர் ஏற்கிறாரா என்று பார். ஏற்கவில்லை என்றால் விடு. வரலாறு நூலகத்தில் பத்திரமாக இருக்கும்.

ஜூன் 15

மாஹேயில் வேலை பார்க்கும் தம்பி எழுதுகிறார்: "அங்கே என்னைப் பாண்டி என்றார்கள். புதுச்சேரிக்காரன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று மகிழ்ந்தேன்."

தம்பி, மலையாளத்தில் பாண்டி என்றால் பாண்டிய நாட்டான், அதாவது மலைக்கு இந்தப் பக்கத்துத் தமிழன். மரியாதையான சொல் அல்ல. நம் ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு மூலையில் பாண்டி என்பது ஊர்ப்பெயர், இன்னொரு மூலையில் ஏளனம். ஏனாமுக்குப் போனீர்கள் என்றால் அங்கே தெலுங்கில் தமிழனுக்கு அரவவாடு என்று ஒரு பெயர் இருக்கிறது.

ஜூன் 20

எழுத்து வேலை செய்பவர்களுக்கு இனி உபயோகமாக ஏதாவது.

ஒரு நாட்டின் பெயரிலிருந்து அந்நாட்டாரின் பெயரை உண்டாக்கத் தமிழில் மூன்று வழிகள் புழங்குகின்றன. இந்தியர், சீனர், ஜப்பானியர் என்று 'அர்' சேர்ப்பது. போலந்துக்காரர், பர்மாக்காரர் என்று 'காரர்' சேர்ப்பது. கொரிய நாட்டவர் என்று நீட்டிச் சொல்வது. எனக்குக் 'காரர்' மிகவும் பிடிக்கும். கடலூர்க்காரர், தயிர்க்காரர், பாட்டுக்காரர் என்று எதனோடும் சேரும். எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் மூலப்பெயர் சிதையாமல் முழுதாக நிற்கும். ஏட்டில் அதைத் தாழ்ந்ததாக நினைத்து ஒதுக்குகிறார்கள். 'காரன்' என்றால்தான் மரியாதைக் குறைவு. 'காரர்' என்பதில் என்ன குறை?

அதன் அருமை நைஜரிலும் நைஜீரியாவிலும் தெரியும். இரண்டும் தனித்தனி நாடுகள், அடுத்தடுத்து இருப்பவை, ஒரே ஆற்றின் பெயரைப் பங்குபோட்டவை. நைஜரை ஆண்டவர் பிரெஞ்சுக்காரர். நைஜீரியாவை ஆண்டவர் ஆங்கிலேயர். ஒரு முறை ஒரு மாணவரின் சேர்க்கைப் படிவம் என்னிடம் வந்தது. ஊர் நியாமே; அது நைஜரின் தலைநகரம். ஒரு கல்வி நிறுவனம் தந்த தாளிலோ அவர் 'நைஜீரியர்'. அந்த ஒரு சொல்லால் அவருடைய தங்கும் அனுமதிக்கான விண்ணப்பம் திரும்பி வந்தது; அவர் மறுபடியும் வரிசையில் நின்றார். பிரெஞ்சில் இந்த இருவருக்கும் வேறு வேறு சொல் உண்டு. தமிழில் 'அர்' சேர்த்தால் குழப்பம் வரும். நைஜர்க்காரர் என்றால் வராது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோ என்ன செய்தது பாருங்கள். மேல் வோல்ட்டா என்று ஆற்றை வைத்துப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரைத் தாமஸ் சங்காரா ஆட்சியில் 1984-ல் மாற்றினார்கள். புர்கினா என்பது மோரே மொழியில் நேர்மையாளர். பாசோ என்பது தியூலா மொழியில் தந்தையர் நாடு. குடிமக்களுக்கு புர்கினாபே; அந்த 'பே' ஃபுலா மொழியின் விகுதி. நாட்டின் பெயரும் நாட்டாரின் பெயரும் சேர்ந்து மூன்று மொழிகளை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்துவிட்டன. ஆட்சிமொழியாக இருந்த பிரெஞ்சுக்கு அதில் இடமில்லை. யோசித்து வைத்த பெயர் என்றால் இதுதான். அவர்களைப் புர்கினாபே என்றே தமிழிலும் எழுத வேண்டும். இங்கே நம் விகுதியை ஒட்டவைத்தால் அவர்கள் செய்த வேலை வீணாகிவிடும்.

ஜூன் 27

'அரசு பெயரை மாற்றினால் மக்கள் நாக்கும் மாறிவிடுமா?' என்று கேட்டவருக்கு.

சில நேரம் மாற வேண்டிய தேவையே இருக்காது. 1972-ல் சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. தமிழில் அது அதற்கு முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை.

சில நேரம் சிக்கலாகும். 1989-ல் பர்மாவின் ராணுவ அரசு மியான்மர் என்று மாற்றியது. பர்மா என்பது பெரும்பான்மை இனத்தை மட்டும் சுட்டுகிறது, மியான்மர் என்றால் எல்லா இனத்தாரும் அடங்குவர் என்று காரணம் சொன்னது. இரண்டுமே ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று மொழி தெரிந்தவர்கள் மறுத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை புதிய பெயரை ஏற்றது. அமெரிக்க அரசு இன்னும் பர்மா என்கிறது. நம் ஊர்களில், அறுபதுகளில் ரங்கூனிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களை யாராவது மியான்மர்க்காரர் என்பார்களா? அவர்கள் பர்மாக்காரர். அவர்கள் விட்டுவந்த நாடு பர்மா. அந்தப் பாட்டிகளிடம் போய் மியான்மர் என்று திருத்தச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை. இன்றைய செய்தி எழுதும்போது மியான்மர்; அவர்கள் வாழ்வை எழுதும்போது பர்மா.

நம் ஊருக்கு வருகிறேன். 2006-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி. 1985-ல் வந்த பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்னும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம்தான். ரயில் நிலையத்தின் குறியீடு இன்னும் பி.டி.ஒய். பிரெஞ்சுத் தாள்களில் பொந்திச்சேரி. கவிதை எழுதினால் புதுவை. சென்னை பஸ் நிலையத்தில் கண்டக்டர் கூவுவது பாண்டி, பாண்டி, பாண்டி. சட்டம் பலகையை மாற்றியது, அதை நான் வரவேற்றேன். ஊரின் தமிழ்ப்பெயர் ஆவணத்தில் ஏறியது பெரிய விஷயம். ஆனால் பாண்டிக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் பையனைத் திருத்தும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் ஊரைத்தான் அவன் சொல்கிறான்.

கடலூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் உங்கள் ஊரை எழுதும் முறையில் இன்னும் கூடலூர் என்ற பழைய பெயரின் சாயல் கேட்கிறது என்பார்கள். தமிழில் நாம் கடலூர் என்கிறோம். அப்படியானால் ஊரார் சொன்ன பழைய ஒலியைக் காத்துவைத்தது அயலாரின் எழுத்து.

ஜூலை 4

கடலூர் நண்பர் இறுதியாக ஒரு நேர்க்கேள்வி கேட்டிருக்கிறார். அவர் நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை தொடங்குகிறார்களாம். நாட்டுப்பெயர்களுக்கு என்ன விதி வைப்பது?

நான் வைப்பது இது. தமிழில் ஏற்கெனவே புழங்கும் நாட்டுப்பெயரைத் தொடாதீர்கள்: எகிப்து, கிரேக்கம், ஜெர்மனி, சீனா, துருக்கி. நாடே தன் பெயரை முற்றிலும் வேறாக மாற்றியிருந்தால் புதியதை எழுதுங்கள். சுவாசிலாந்து 2018-ல் எஸ்வாத்தினி ஆனது, எனவே எஸ்வாத்தினி. எல்லோருக்கும் பழகும்வரை முதல் வரியில் பழைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோட் டிவாரைத் தந்தக் கரை என்று பெயர்க்காதீர்கள், அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்து முழுவதையும் ஹாலந்து என்று எழுதாதீர்கள். ஹாலந்து என்பது அதற்குள் இரண்டு மாகாணங்களின் பெயர். பழைய ஆவணத்தில் ஒல்லாந்தர் என்று வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மனிதர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குடியுரிமையைச் சொல்கிறீர்களா, இனத்தைச் சொல்கிறீர்களா, மொழியைச் சொல்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். இலங்கைக்காரர் எல்லோரும் சிங்களர் அல்லர். பிரிட்டன் நாட்டார் எல்லோரும் ஆங்கிலேயர் அல்லர், ஸ்காட்லாந்துக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அந்த மனிதரையே கேளுங்கள். என் மேசைக்கு வருபவர்களிடம் கட்டத்தை நிரப்பும் முன் நான் கேட்கிறேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

பத்திரிகை வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள். சந்தா எவ்வளவு என்றும் எழுதுங்கள்.